கட்டிலடி சுவிட்ச்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் தூங்கியே தீருவது என்று நம் டிசைனர் முடிவெடுத்துவிட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மனைவியைக் கேட்காமல் அவர் எடுத்த முடிவு இது ஒன்றுதான்.

அவருக்குத் தொழில் எலக்ட்ரானிக் சர்க்யூட் வடிவமைப்பது. மனைவிக்கும் அதே கம்பெனிதான், டெஸ்டிங் செக்‌ஷன். இவர் செய்து அனுப்புவார், அவள் சோதித்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. எதுவானாலும் அதில் தேதியும் கையெழுத்தும் போடாமல் விடமாட்டாள். இவர் அனுப்பும் போர்டுகளில் பாதிக்கு மேல் சிவப்போடுதான் திரும்பி வரும். வீட்டிலும் நிலைமை அதுவே, ஸ்டிக்கர்தான் கிடையாது.

தூக்கத்துக்கு எதிரி ஓர் அழைப்பு மணி. அவருடைய மேஜையும் கட்டிலும் இருப்பது மாடி அறையில். கீழே சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு மனைவிக்குத் தொண்டை கட்டிப்போன ஒரு வாரம், பாசம் பொங்கி, கீழே ஒரு பட்டனும் மாடியில் ஒரு மணியும் மாட்டிக் கொடுத்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார் என்று தெரிய ஒரே ஒரு ஞாயிறு ஆயிற்று. சாப்பிட்டுக் கண்ணை மூடினால் மணி அடிக்கும். இறங்கிப் போனால் இஸ்திரி போடவேண்டிய துணி ஒரு கூடை நிறைய இருக்கும்.

ஒயரைப் பிடுங்கிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். படுத்தபடியே மணியை ஊமையாக்க வேண்டும், எழுந்ததும் பழையபடி பேசவைக்க வேண்டும். மணியின் இரும்பு உடம்பை இரும்பு அலமாரியில் திருகியிருந்ததால் மைனஸ் பக்கம் வெட்டிப் பிரயோஜனமில்லை, மின்சாரம் அலமாரி வழியாகவே போய்ச் சேர்ந்துவிடும். மேலே, பிளஸ் பக்கத்தில்தான் மறிக்க வேண்டும். அதாவது ஹை-சைடு சுவிட்ச். அதுவும் மணியின் மூடிக்குள் அடங்க வேண்டும். அங்கே இருந்த இடமோ கட்டைவிரல் நகம் அளவு.

பட்டன் கருகிப் போகிறது, ஒயர் தடியாக இருக்கிறது, எல்லாவற்றையும் நவீனமாக்கித் தருகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். அவள் செய்யுங்கள் என்றாள். அவ்வளவு சுலபத்தில் அனுமதி கிடைத்தபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்று மாலைகள் உட்கார்ந்தார். மணிக்குப் போகும் பிளஸ்ஸை மறித்து ஒரு பெரிய டிரான்சிஸ்டர், அதைத் திறந்துவிட ஒரு குட்டி டிரான்சிஸ்டர். பட்டன் குட்டியைத் தட்டும், குட்டி பெரியதைத் திறக்கும், மணி அடிக்கும். ஆபீஸ் நடைமுறைதான், சின்னவர் வந்து சொல்லாமல் பெரியவர் அசையமாட்டார். குட்டியிலிருந்து ரகசியமாக இன்னொரு ஒயர் கிளம்பிக் கட்டிலுக்கு அடியில் ஒரு சுவிட்சில் முடிந்தது. அதைத் தள்ளினால் குட்டிக்கு வாயடைத்துப்போகும். அப்புறம் கீழே எவ்வளவு அழுத்தினாலும் மணி அடிக்காது.

ஒரே ஒரு இடைஞ்சல். வேலை இல்லாத நேரத்தில் பெரிய டிரான்சிஸ்டரை இழுத்து மூடி வைக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும், அதைப் போட்டால் மணியின் மூடி மூடவில்லை. ரெசிஸ்டர் இல்லாமல், வோல்டேஜ் அளக்கும் மீட்டரை மாட்டிச் சோதித்துப் பார்த்தார். கச்சிதமாக வேலை செய்தது. அந்த மீட்டரேதான் ரெசிஸ்டரின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அவருக்கு உறைக்கவில்லை. மீட்டரைக் கழற்றினார், மூடியை மூடினார், தன் தோளில் தானே தட்டிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. சாப்பிட்டார், மாடி ஏறினார், படுத்தார், கையைக் கீழே விட்டுச் சுவிட்சைத் தள்ளினார். நாலு நிமிஷம் ராஜா மாதிரி இருந்தார். ஐந்தாவது நிமிஷம் மணி அடித்தது. அடித்தது என்றால் நிற்காமல் அடித்தது. இழுத்து மூட ஆளில்லாத பெரிய டிரான்சிஸ்டர் தன் இஷ்டத்துக்குத் திறந்துகொண்டுவிட்டது. சுவிட்சை இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். தலையணையை வைத்து மணியை அமுக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, எங்கே தீப்பிடித்தது என்று விசாரித்தார்.

மனைவி நிதானமாகப் படியேறி வந்தாள்.

"நான் பட்டனைத் தொடவே இல்லையே."

"புது சர்க்யூட்டு. கொஞ்சம் ஆர்வக்கோளாறா இருக்கு."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். மேஜையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மணியின் மூடியைத் திறந்தாள். போர்டைப் பார்த்ததும் அவளுடைய ஒரு புருவம் மட்டும் மேலே போயிற்று. ஆபீசில் பெரிய பெரிய இன்ஜினியர்களையெல்லாம் போர்டோடு திரும்பிப் போகவைக்கிற புருவம் அது.

"இழுத்து மூடுற ரெசிஸ்டர் எங்க?"

"இடம் இல்ல."

"நிமித்தி நிக்க வெச்சா இடம் இருக்கு. படுக்க வெச்சாதான் இல்ல. உங்களுக்குப் படுக்கிறதைத் தவிர வேற என்ன தோணும்?"

அவள் விரல் போர்டின் ஓரத்துக்கு நகர்ந்தது.

"இந்த இன்னொரு ஒயரு எங்க போகுது?"

அவர் கட்டில் விரிப்பை இழுத்துக் கீழே தொங்கவிட்டார். "அது... ஸ்பேரு."

"ஸ்பேரா? சரி."

ரெசிஸ்டரை நிமிர்த்தி வைத்துப் பற்றவைத்தாள். மூடி மூடியது, பிளக்கைத் திரும்ப மாட்டியும் மணி அடிக்கவில்லை. ஒயரைப் பற்றி அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அவர் மூச்சு விட்டபோது அவள் திரும்பி நின்றாள்.

"ஆனா போர்டு நல்லா அடக்கமா இருக்குங்க. இதே மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்களேன். சமையக்கட்டுல ஒரு பச்சை லைட்டு மாட்டணும். ஒரு விஷயம் ஓஞ்சு நின்னுடுச்சுன்னா எனக்குக் கீழயே தெரியணும்."

பதினோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. மனிதர் அப்படியே உருகிப்போனார். துணி துவைக்கிற மெஷினைத்தான் சொல்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அந்த வாரம் முழுக்க மாலை நேரங்களில் வேறு வேலை பார்க்கவில்லை. ரெசிஸ்டரை மறக்காமல் நிமிர்த்தி வைத்து, ஓரங்களைத் தேய்த்து, முன்னதைவிடச் சின்னதாக ஒரு போர்டு செய்து கையில் கொடுத்தார். மாட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சனிக்கிழமை அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு மாட்டியும் முடித்தாள்.

அடுத்த ஞாயிறு. சாப்பிட்டார், ஏறினார், படுத்தார், தள்ளினார். மணி வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவருக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் தளும்பியது. இமை மூடும் நேரத்தில் படியில் காலடிச் சத்தம். மனைவி உள்ளே வந்து இஸ்திரித் துணிக் கூடையைக் கட்டில்மேல் வைத்தாள். கூடைக்குள்ளேயே இஸ்திரிப் பெட்டியும் இருந்தது.

"மணியே அடிக்கலையே," என்றார், தூக்கக் கலக்கத்தில்.

"மணி எதுக்கு? நீங்க மேல வேலையா இருக்கீங்களா, சும்மா இருக்கீங்களான்னு தெரியாமத்தான் இத்தனை நாள் அடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்பதான் கீழ பச்சை லைட்டு எரியுதே."

அவள் போனபிறகு டிசைனர் கட்டிலிலிருந்து தலைகீழாகத் தொங்கி அடியில் பார்த்தார். சுவிட்சிலிருந்து புதிதாக ஒரு ஒயர் சமையலறைப் பக்கம் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர். கையெழுத்து அவளுடையது. தேதி, அவர் அந்தச் சுவிட்சை மாட்டிய அன்றைய தேதி. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கட்டிலுக்கு அடியில் பெருக்கியிராதவர், வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நினைத்திருந்தார்.