கருகிய கோட்டும் 'சாரி' என்ற சொல்லும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டது. இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்டுவைக்கிறேன். என் போனை நீங்கள் எடுப்பதே இல்லை. தங்கச்சி எடுத்து, "அவர் தைக்கிறாரு"ன்னு மட்டும் சொல்லி வெச்சிடறா. சாப்பிடுகிற நேரத்திலுமா தைப்பீர்கள்?

"மச்சான், ரெண்டு நிமிஷம் இந்தக் கோட்டைத் தேய்ச்சு வைங்க, நூல் வாங்கிட்டு வந்துடறேன்" என்று அன்று தையல் கடையை என்னிடம் விட்டுப் போனீர்கள். காலமெல்லாம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவனுக்கு ஒரு கோட்டைத் தேய்க்கத் தெரியாதா? தெரியும். உங்கள் இஸ்திரிப் பெட்டிதான் சரியில்லை, சூடு தானாக ஏறுகிறது. முதுகில் பெட்டியளவுக்குக் கருகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கோட்டுக்காரர் வந்து நிற்கிறார். வேலை போய் வீட்டோடு கிடந்த மனுஷர், மறுநாள் இன்டர்வியூ. 'சாரி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் சும்மா இருக்குமா? "சாரிங்கிறது வலி, புண்ணுன்னு அர்த்தம் தர்ற பழைய சொல்லுல இருந்து வந்தது சார். துயரத்தைச் சொல்ற 'சாரோ'வுக்கும் அதுக்கும் பிறப்புல சம்பந்தமே கிடையாது. 'ரிக்ரெட்'னா அந்தக் காலத்துல செத்தவங்களை நினைச்சு அழறது" என்று ஆரம்பித்துவிட்டேன். "சார், என் கோட்டு எங்கே?" என்றார். நான் அடுத்த சொல்லான 'பார்டன்'னுக்குப் போயிருந்தேன். அவர் கண் கலங்கி நின்னது அப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க வந்தீங்க, பார்த்தீங்க. வீட்டுல இருந்து உங்க கல்யாணக் கோட்டை எடுத்துட்டு வந்து, இடுப்பைப் பிடிச்சு, கைநீளத்தைக் குறைச்சு, அவருக்கு மாட்டி அனுப்பினீங்க. அப்புறம் "நீங்க வீட்டுக்குப் போங்க மச்சான்"னு சொன்னீங்க பாருங்க, நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு.

முறைப்படி ஓர் 'அபாலஜி' எழுதுவதுதான் மரியாதை என்று உட்கார்ந்தேன். கிரேக்கத்திலிருந்து வந்த சொல் அது. குற்றம் சாட்டப்பட்டவன் எழுந்து நின்று, 'என்மேல் தப்பில்லை' என்று வாதாடும் பேச்சுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ஆகவே, இஸ்திரிப் பெட்டியை உடனே பழுது பார்க்கவும்.

தங்கச்சிக்கு என் ஆசிகள். உங்களுக்கு ஆசி சொல்லும் யோக்கியதை இப்போதைக்கு இல்லாததால் வணக்கம் மட்டும்.

வெட்கத்துடன்,
மச்சான்

பி.கு.: உறையை ஒட்டும் முன் படித்துப் பார்த்தேன். கிரேக்கன் பேசின அபாலஜியைத்தான் எழுதி வெச்சிருக்கேன். பெட்டியில ஒரு கோளாறும் இல்லை. அதைக் கோட்டு மேலேயே வெச்சிட்டு, பக்கத்துக் கடைக்காரருக்குக் 'கோட்'டுங்கிற சொல் எங்கிருந்து வந்ததுன்னு விளக்கிட்டு இருந்தேன். பாவம், அவர் அதை என்கிட்ட கேட்கவே இல்லை. மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை என் கல்யாணக் கோட்டை எடுத்துட்டு வரேன், உங்க அளவுக்குப் பிடிச்சுத் தைச்சுக்கலாம். கூப்பிட்டா உள்ளே வரேன், இல்லன்னா வாசல்லயே குடுத்துட்டுப் போயிடறேன். கசங்கித்தான் இருக்கும், தேய்க்கலை.