அப்பாவின் காற்சட்டை நீண்ட கதை

"எலும்பு உக்கிறது பொம்பிளையளுக்கு வாற வருத்தம். ஆம்பிளைக்கு வராது!"

தீர்ப்புச் சொன்னவர் எங்கள் அப்பா அரியநாயகம். வயது அறுபத்தெட்டு. நயினாதீவுப் படகு துறையில் முட்ட முதலே, ஒருத்தர் கையையும் பிடியாமல் பாய்கிறவர். தான் பாயாவிட்டால் கடல் கோவிக்கும் என்கிற மாதிரி.

நான் விடுவேனா? பல்கலைக்கழக விவாத அணிக்காரி.

"ஆம்பிளையளுக்கும் வரும், அப்பா. விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, பிறகு எழும்பாமலே போன ஆக்கள் எத்தினை பேர்! தும்மினாலே முள்ளந்தண்டு நொருங்கும்!"

அப்பா வேண்டுமென்றே ஒரு பெருந்தும்மல் போட்டார். "பாத்தியே? நொருங்கேல்லை."

இந்த மனிதரோடு என்ன நியாயம் பேசுவது!

அம்மா மீனலோசனி வாயே திறக்கவில்லை. அப்பாவின் காற்சட்டைக் காலை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நிலத்தில் இழுபடுகிறதாம். தையல்காரனுக்கு அளவு தெரியாதாம், அப்பாவின் முறைப்பாடு அது. எனக்கு அப்பாவின் பேச்சைவிட அம்மாவின் மௌனத்தில்தான் கூடுதல் கோபம்.

அடுத்த கிழமை அம்மாவுக்குத் திடீரென்று நாரி நோ. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சருங்கோ, எனக்கு எலும்பு உக்குதோ தெரியேல்லை. யாழ்ப்பாணத்தில மெஷினில படுக்க வைச்சுப் பாக்கினமாம். தனியப் போகப் பயமாக் கிடக்கு."

அப்பாவின் நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. "நான் சொன்னனான்தானே! வாரும், கூட்டிக்கொண்டு போறன்."

நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் மெஷினைக் கண்டதும் அம்மா கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஏலாது. நீங்கள் முதல் படுத்துக் காட்டுங்கோ."

"உதுக்கே பயம்?" அரசர் பள்ளி கொள்கிற மாதிரி அப்பா ஏறிப் படுத்தார். மெஷின் மேலால் ஊர்ந்து போனது. எழும்பினார். "இவ்வளவுதான். இனி நீர் படும்."

"அவவுக்கு எழுதேல்லையே, ஐயா," என்றாள் மெஷினைப் பார்க்கிற பிள்ளை. "அவ தந்த டொக்டரின்ர துண்டில உங்கட பேர்தான் எழுதியிருக்கு."

எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். டொக்டர் படத்தைக் காட்டினார். அப்பாவின் முள்ளந்தண்டில் இரண்டு எலும்புகள் எப்போதோ நொருங்கி, மிதிபட்ட தகர ரின் மாதிரிச் சப்பளிந்து கிடந்தன. எந்தத் தும்மலிலோ, எந்தப் பாய்ச்சலிலோ! உடைந்ததே தெரியாமல் மனிதர் ஊர் முழுக்க நடந்து திரிந்திருக்கிறார். அடுத்தது இடுப்பாக இருக்கலாம் என்றார் டொக்டர்.

"உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"காற்சட்டை வளருமே, பிள்ளை? வருசாவருசம் மடிக்கிறன். மனுசன்தான் குறையுது."

விவாத அணிக்காரி குனிந்து அப்பாவின் காற்சட்டை மடிப்புகளை எண்ணினேன்.

பின்னேரம், ஊருக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் படகு அலைக்கு ஏறி ஏறி இறங்கியது. படகோட்டி டெனிஸ்ரன் கையை நீட்டினான். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பாய்ந்துவிடுவாரோ?

மெல்லக் கையைப் பிடித்தார். மானம் கப்பலேறக்கூடாதே! சுற்றிநின்ற சனத்துக்கும் கேட்க உரத்துச் சொன்னார்:

"தம்பி, அவவுக்கு எலும்பு சரியில்லை. அவவைக் கவனமாப் பிடியும்!"

"பயப்பிடாதேங்கோ ஐயா," என்றான் டெனிஸ்ரன். "பின்னேரம் உங்களை விடாமல் பிடிக்கச்சொல்லி அம்மா காலமை வரேக்கையே சொல்லிப்போட்டா."