மாப்பிள்ளையின் பூனை பச்சை இறைச்சிக்கு மாறிய விவரம்

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பூனை துரையும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியை நிம்மதியாகப் படிப்பீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மகள் நடுவில் பிடுங்கிக்கொண்டு, "அப்பா, பூனைக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, அவரு உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டாரு" என்று ஆரம்பித்துவிடுவாள். கல்யாணத்தன்றுகூட உங்கள் முன்னால் எனக்கு இப்படி உதறியதில்லை.

வேலை விஷயமாகக் கிளம்பும்போது துரையையும் அவனுடைய பிஸ்கட் மூட்டையையும் இரண்டு பக்கக் குறிப்பையும் ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள். எலும்பும் ஈரலும் மீன் எண்ணெயும் சேர்த்து அரைத்த பச்சை இறைச்சிக்குப் பத்து நாளில் மாற்ற வேண்டும், ரோமம் மினுமினுக்கும், மூட்டு பலப்படும் என்று எழுதியிருந்தீர்கள். கறிக்கடைக்காரர் நூல் சுற்றிக் கொடுத்த இருபது பொட்டலங்களையும் ஃப்ரீசரில் அடுக்கினேன். அத்தை சமையலுக்கு வாங்கிய கொத்துக்கறியும் அதே மாதிரிப் பொட்டலங்களாக அங்கேதான் இருந்தது. மருந்துக் கடையில் நாற்பது வருடம் நின்றவன், சும்மா விடுவேனா? வீட்டில் மிச்சமிருந்த மருந்து லேபிள்களை எடுத்து, "துரை, காலை ஒன்று, மாலை ஒன்று" என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். "உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்" என்று அச்சடித்திருந்ததை மட்டும் கோடு போட்டு அடிக்க மறந்துவிட்டேன். அத்தை இரண்டு நாள் குலுக்கியிருக்கிறாள்.

முதல் நாள் பிஸ்கட்டோடு ஒரு டீஸ்பூன் இறைச்சி கலந்து வைத்தேன். துரை பிஸ்கட்டை ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றுவிட்டு, இறைச்சியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, கேட்ட மாத்திரை இல்லை என்று வேறு கம்பெனி மாத்திரையை நீட்டினால் வாடிக்கையாளர் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை பார்த்தான். ஜில்லென்று கொடுக்கக் கூடாது, எலியின் உடம்புச் சூடு இருக்க வேண்டும் என்று உங்கள் குறிப்பு சொன்னது. அதைச் சரிபார்க்க வீட்டுத் தெர்மாமீட்டரை இறைச்சியில் குத்தினேன். கழுவித்தான் வைத்தேன், சத்தியமாக. அன்று பார்த்து அத்தைக்குத் தலைவலி, அதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, கவுச்சி அடிக்குது?"

நான் உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதிலிருந்து அவள் என்னோடு நேராகப் பேசவில்லை. எல்லாமே பூனை வழியாகத்தான். "துரை, அந்தப் பெரிய மனுசர்கிட்டச் சொல்லு, சோறு ஆறுது!"

ஐந்தாம் நாள் துரை பிஸ்கட்டையும் விட்டுவிட்டான். பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்தவன் ஒன்றரை நாள் வெளியே வரவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். "ரெண்டு நாளுக்கு மேல சாப்பிடலைன்னா ஈரல் கெட்டுடும் சார், தூக்கிட்டு வந்துடுங்க" என்றார். நீங்கள் வந்து "மாமா, துரை எங்கே?" என்று கேட்பது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தரையில் குப்புறப் படுத்து அவனைக் கெஞ்சினேன். அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை, அத்தையிடம் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஃப்ரீசரைத் திறந்தால், குளிரில் பசை விட்டு லேபிள் எல்லாம் உதிர்ந்து கிடந்தது. எனக்கென்ன, கைப்பழக்கம், மறுபடி ஒட்டி ஒரு பொட்டலத்தை எடுத்துச் சூடு பார்த்து, பீரோ முன்னால் வைத்துவிட்டு மறுபடி தரையில் படுத்தேன். துரை மூக்கை நீட்டினான், வெளியே வந்தான், ஒரு துணுக்கு மீதி வைக்காமல் தின்று தட்டையும் நக்கினான்! அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகவே என்னிடம் பேசினாள். "போதும், எழுந்திருங்க, சாப்பிட்டான்."

இன்றோடு எட்டு நாள். இரண்டு வேளையும் வெளுத்துக் கட்டுகிறான். என் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கிவிட்டது. சந்தோஷத்தில் வீடே மாறிவிட்டது. அத்தையின் கறிக்குழம்புக்கு இப்போது தனி ருசி, நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிறேன். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. அத்தைக்கு முடி கொட்டுவதும் நின்றுவிட்டது.

இருவரும் நூறாண்டு குறைவில்லாமல் வாழுங்கள். துரை தன் வாலால் வணக்கம் சொல்கிறான்.

இப்படிக்கு,
நிம்மதியாக மூச்சு விடும் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அத்தை கறிக்கடையிலிருந்து வந்துவிட்டாள். குழம்பு இவ்வளவு ருசிக்கிறதே, அதே கறி வேண்டும் என்று பொட்டலத்து நூலைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "அம்மா, வெள்ளை நூலுதான் உங்களுக்கு. சிவப்பு நூலு பூனைக்குக் கட்டினது." துரை எட்டு நாளாகத் தின்றது எங்கள் கொத்துக்கறி. டாக்டரைக் கேட்டுவிட்டேன், கெடுதல் இல்லையாம். நாளை முதல் அவனுக்கு மறுபடியும் ஒரு டீஸ்பூனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பத்து நாள் தேவைப்படவில்லை. அத்தை இன்றும் சிவப்பு நூல்தான் வாங்கி வந்திருக்கிறாள், இரண்டு கிலோ.