வாய் திறக்காத வழிகாட்டி

எங்கள் வீட்டுச் சுவரில் பல்லிகூட முழுசாகக் கத்தி முடித்ததில்லை. அதற்குள் அப்பா யோசனை சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு சபதம் எடுத்தார். சனிக்கிழமை ஒரு மணி நேரம் யாருக்கும் யோசனை சொல்லமாட்டாராம்.

காரணம், ஆபீஸ். புதிதாகச் சேர்ந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து வழிகாட்டும் கூட்டம் நடத்த ஒரு ஆள் வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பொறுப்பின் மேல் கண். மேனேஜர் மேடத்துக்கு அப்பாவின் வாய் மேல் சந்தேகம்.

"வழிகாட்டி கேள்வி மட்டும்தான் கேக்கணும். தீர்வை அங்க உட்கார்ந்திருக்கிறவங்களே கண்டுபிடிப்பாங்க. அதை நீங்களும் ஏத்துக்கணும். வீட்டு ஆளுங்களை வச்சு ஒத்திகை நடத்துங்க, வந்து பார்க்கிறேன்" என்றாராம்.

எனக்கு எரிச்சல். பள்ளிக்கூடம் முடிந்தது. தண்ணீர் மோட்டார் பட்டறையில் எனக்கு இடம் இருக்கிறது. திங்கட்கிழமை போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். அப்பாவோ என்னைக் கணக்குப் படிப்பில் தள்ளத் துடிக்கிறார். "அப்பா, பட்ட..." என்று ஆரம்பித்தாலே "பட்டப்படிப்புதானே, பேஷ்" என்று எழுந்து போய்விடுவார்.

"போலிப் பிரச்சினைன்னா மேடம் கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள் அம்மா. "சமையக்கட்டுக் குழாய் ஒழுகுதே, அதைப் பேசுவோமா?"

"சரி. ஆனா வேற எதையும் இழுக்காதே."

"நான் என்னத்தைங்க இழுக்கப்போறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா ஸ்பானரை என் கையில் திணித்தாள். "குழாயைச் சரிபண்ணு. அப்பாகிட்ட மூச்சு விடாதே." வாஷர் தேய்ந்திருந்தது. மாற்றினேன். எதற்கு என்று கேட்டேன். "நாளைக்குத் தெரியும்" என்றாள்.

சனிக்கிழமை வட்டத்தில் அம்மா, நான், எங்களோடு இருக்கும் சித்தப்பா, மாடி வீட்டுத் தையல்கார அக்கா. மூலையில் உட்கார்ந்த மேடம் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு என்ன பிரச்சினை?" என்றார் அப்பா.

"குழாய் ஒழுகிட்டிருந்துச்சுங்க" என்றாள் அம்மா. "ப்ளம்பர் வந்து வந்து தோத்துப்போனார். நேத்து இவ சரிபண்ணிட்டா. அதனால இப்ப குழாய் பிரச்சினை இல்ல. இவதான் பிரச்சினை. மோட்டார் பட்டறைக்குப் போகணுங்கிறா. வீட்ல ஒருத்தர் காது குடுக்கவே மாட்டேங்கிறார்."

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. மேடம் நிமிர்ந்தார். வாய் மூடிக்கொண்டது.

"நீ... நீ என்ன நினைக்கிற?" என்றார் என்னிடம்.

பிறந்ததிலிருந்து அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி.

"கணக்குல சேர்த்தா ஃபெயிலாவேன். மோட்டாரைப் பிரிச்சா திரும்பப் பூட்டத் தெரியும்."

சித்தப்பா கனைத்தார். "அண்ணே, என்னை பேங்க் பரீட்சை எழுதச் சொன்னீங்களே."

"அது... என்ன ஆச்சு?" அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கேள்விதானே.

"இன்னும் எழுதிட்டுதான் இருக்கேன்."

"என் தையல் மெஷினை ஓட வச்சதே இவதான். போகட்டுமே" என்றார் அக்கா.

சம்மதமா என்றாள் அம்மா. எல்லாக் கைகளும் உயர்ந்தன. மேடம் அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் தலை துருப்பிடித்த கீல் போல மெதுவாக மேலும் கீழும் அசைந்தது.

மேடம் எழுந்தார். "இவ்வளவு பொறுமையா கேக்கிறவரை நான் பார்த்ததில்ல. பொறுப்பு உங்களுக்குத்தான். பழக்கம் விட்டுப்போகாம வாராவாரம் வீட்லயும் நடத்துங்க."

அவர் செருப்புச் சத்தம் மறையும்வரை அப்பா பொறுத்தார். "நீ என்னை நல்லா..."

"கேள்வி மட்டும்ங்க."

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"வேற எப்படிங்க உங்களைக் கேக்க வைக்கிறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வாரம், நீயும் அப்பாவும் பாத்திரம் தேய்க்கிறதைப் பத்திப் பேசலாம். சித்தப்பாவும் அக்காவும் கை தூக்கறேன்னு இப்பவே சொல்லிட்டாங்க."