சோக் அண்ணாச்சியும் பொட்டு வச்ச காரும்

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாம் கிளாஸோட நின்னவ. முன்னது பின்னதாப் போயிரும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கிட்டுப் படிக்கணும். ஆனா ஒண்ணு மட்டும் அடிச்சுச் சொல்லுவேன். இந்தக் கல்கத்தாவிலே, நல்லா ஓடிக்கிட்டிருந்த காரைத் தன் கையாலே பிரிச்சு, தன் கையாலே மாட்டி, தன் கையாலேயே சாகடிச்ச ஒரே மனுஷர் எங்க சோக் அண்ணாச்சிதான்.

காளிகாட்டிலே ஒரு சந்துக்குள்ளே அப்பளம், வடகம், காப்பித்தூள் கடை வச்சிருந்தாக. எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கடையிலேதான் வேலை. அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டிலே நாங்க குடியிருந்தோம். எனக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. ஊரை விட்டு வந்து ரெண்டு வருஷம் ஆகியும், நாலு பேர் நின்னா வாசலுக்கு வர மாட்டேன்.

கார், வெள்ளைக்காரன் ஒருத்தன் சீமைக்குப் போகையிலே விட்டுட்டுப் போனது. பச்சை நிறம், தவளை மாதிரி ரெண்டு கண்ணு. அதிலே சோக்குன்னு ஒரு குமிழ் உண்டு. எஞ்சின் குளிர்ந்து கிடந்தா அதை இழுத்துவிட்டுத்தான் கிளப்பணுமாம். அண்ணாச்சிக்கு உலகத்துலே உள்ள எல்லா வியாதிக்கும் அதுதான் மருந்து. அண்ணாச்சி சம்சாரம், எங்க மதினி, தலைவலின்னு படுத்தா, "சோக்கை இழு பிள்ள, சரியாயிரும்"பாக. கடையிலே வியாபாரம் மந்தம்னாலும் சோக்கை இழு. தெருவிலே வங்காளிங்களும் "சோக் பாபு"ன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. சொந்தப் பேர் என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசியிலே அண்ணாச்சி மக செல்விக்குக் கல்யாணம். ஒரே மக. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி. நிச்சயத்தன்னைக்குச் சம்பந்தி காரை ஒரு சுத்துச் சுத்தி வந்து, "இது ஓடுமாவே, இல்ல சும்மா பாக்கதுக்கு வச்சிருக்கீரா?"ன்னு கேட்டுட்டார். அண்ணாச்சிக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு.

"எம் மவளை இந்தக் கார்லதான், நானே ஓட்டிக்கிட்டுப் போயி ஹவுராவுல ரயிலேத்துவேன். அது நடக்கலைன்னா அப்புறம் நான் ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன்வே!"

எல்லார் முன்னாலேயும் சொல்லிட்டாக.

வண்டி இருமிக்கிட்டாவது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. சும்மா விட்டிருக்கலாம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், "கல்யாணத்துக்கு முன்னால உள்ள தொடைச்சு வச்சிருவோம்"னு எஞ்சினைப் பிரிச்சு, முற்றத்திலே பேப்பர் விரிச்சுப் பரப்பிட்டாக. மெக்கானிக்கைக் கூப்பிடலாமேன்னு எங்க வீட்டுக்காரர் மெதுவாச் சொல்லிப் பார்த்தார்.

"எம் பிள்ளைய அடுத்தவன் குளிப்பாட்டுவானாவே?"

மறுநாள் தெருவெல்லாம் துர்கா பூஜை மேளம், எங்க முற்றமெல்லாம் காரோட குடல். அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தை என் கையிலே குடுத்து, "தங்கச்சி, ஒண்ணு விடாமப் பொட்டு வையி. விட்டா அது கோவிச்சுக்கிடும்"னாக. நான் சொன்னதைச் செய்யுறவ. ஸ்பானர், நட்டு, பிளக்கு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். அதிலே குருவி அலகு மாதிரி ஒரு சின்னச் சாமான், விரலாலே நெம்பினா வாயைத் திறந்து திறந்து மூடிச்சு. அதுக்கு எங்கே வைக்கன்னு தெரியலை. வாய்க்குள்ளேயே அழுத்தி வச்சுட்டேன்.

விஜயதசமியன்னைக்கு நல்ல நேரம் பார்த்து எல்லாத்தையும் மாட்டினாக. ஒரு நட்டு மிஞ்சிப் போச்சு. "இது வெள்ளைக்காரன் கொசுறாக் குடுத்தது"ன்னு சட்டைப் பையிலே போட்டுக்கிட்டாக. சாவியைத் திருப்பினாக. கிர்ர்ர்னு சுத்துச்சு. அவ்வளவுதான். உயிர் வரலை.

அப்புறம் மூணு வாரம் நாங்க பட்ட பாடு பகவானுக்குத்தான் தெரியும்.

பிளக்கை எல்லாம் மதினியோட தோசைக்கல்லிலே போட்டு வறுத்தாக. கார்பரேட்டரை இட்லிக் கொப்பரையிலே வேக வச்சாக. ஒரு வாரத்துக்கு இட்லியிலே பெட்ரோல் வாசம். "இந்த மனுசன் என்னையக் கெட்டுனதுக்குப் பதிலா அந்தக் காரையே கெட்டியிருக்கலாம்"னு மதினி பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. சுத்திச் சுத்தி பேட்டரி செத்துப்போகும். அதைக் கைரிக்‌ஷாவிலே உக்கார வச்சு சார்ஜ் ஏத்த அனுப்புவாக. பேட்டரி சவாரி போகும், அண்ணாச்சி பின்னாலேயே நடந்து போவாக.

ஒரு நாள் பிளக்கு ஒயரைக் கையிலே பிடிச்சுக்கிட்டு, மதினியைச் சாவி திருப்பச் சொன்னாக. கரண்டு வந்தா கையிலே அடிக்குமாம். அடிக்கலை.

"பாத்தியா பாசத்த! மொதலாளிய அடிக்காது!"ன்னு சந்தோஷமா ஒயரைத் திரும்ப மாட்டிட்டாக.

எதிர்வீட்டு ஹோமியோபதி டாக்டர் வந்து பானெட்டைத் தடவிப் பார்த்து, "டாண்டா லெகேச்சே"ன்னார், குளிர் பிடிச்சிருக்காம். மறுநாள் காலையிலே பார்த்தா, மதினியோட கம்பளியைக் கார் போத்திக்கிட்டு நிக்குது.

தள்ளிக் கிளப்பலாம்னா, சந்துக்கு ஒரு முனை மேடு, மறு முனையிலே பாதாள ரயிலுக்குன்னு தோண்டிப் போட்டிருந்தாங்க. அம்பதடி தள்ளினா பள்ளம் வந்துரும். திரும்ப அம்பதடி பின்னாலே தள்ளிக்கிட்டு வரணும். தெரு கிளப்பிலேருந்து போல்ட்டுதான்னு ஒரு வங்காளி அண்ணன் நாலு ஆளுங்களோட வந்து, "ஆர் ஏக்பார்!"னு கத்துவார். இன்னொரு தடவைன்னு அர்த்தம். அந்த இன்னொரு தடவை நாப்பது தடவை நடந்துச்சு. அண்ணாச்சி உள்ளே ஜம்முன்னு உக்காந்துக்கிட்டு, "வேகம் பத்தலைவே!"ம்பாக.

நடுநடுவே எஞ்சின்லே ஒரு கறுப்பு மூடியைத் திறந்து, அந்தக் குருவி அலகைப் பார்ப்பாக. "பாரு தங்கச்சி, நீ வச்ச பொட்டு கலையாம மாட்டியிருக்கேன். எந்த மெக்கானிக்கு செய்வான்?"னு கேப்பாக. எனக்கும் பெருமையா இருக்கும்.

கல்யாணம் நெருங்க நெருங்க அண்ணாச்சிக்குப் பேச்சு குறைஞ்சு போச்சு. சோறு இறங்கலை. தாரை வார்க்கையிலேகூட நகத்துலே கிரீஸ். முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சும் அந்த முகத்துலே களையில்லை.

பொண்ணை அனுப்புற நாளும் வந்துச்சு. மத்தியானம் ரயில். எங்க வீட்டுக்காரர் எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு சர்தார்ஜியோட டாக்சியைக் கூட்டிக்கிட்டு வந்து நிறுத்தியிருந்தார். அண்ணாச்சி கடைசியா ஒரு தடவை சாவியைத் திருப்பினாக. கிர்ர்ர். சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரயிலு நமக்காவ சோக்கை இழுத்துக்கிட்டு நிக்காதுவே."

அண்ணாச்சி ஸ்டீரிங்கிலேருந்து கையை எடுத்து மடியிலே வச்சுக்கிட்டாக. "செல்வி, நீ டாக்சியில ஏறும்மா."

"நீ ஓட்டாம நான் ஏற மாட்டேம்பா"ன்னு அந்தப் பொண்ணு பட்டுச்சேலையோட காரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

சர்தார்ஜிக்கே பொறுக்கலை போல. இறங்கி வந்து பானெட்டைத் தூக்கி, கறுப்பு மூடியைக் கழட்டினார். பெரிசாச் சிரிச்சார். "எஞ்சினுக்கும் கல்யாணமா? இந்த வாய் வழியாத்தான் கரண்டே போகணும். யார் இதைப் பூசி அடைச்சது?"ன்னு ஹிந்தியிலே கேட்டுக்கிட்டே சுரண்ட விரலை நீட்டினார்.

அண்ணாச்சி பாஞ்சு போயி அவர் கையைப் பிடிச்சுட்டாக. "தொடாதீரும்! பூஜைப் பொட்டு. எம் மவ புருசன் வீட்டுக்குப் போற நாளு. இன்னைக்குப் போயி குங்குமத்த அழிக்கவா?"

மதினிகூட, "வேண்டாம் சர்தார்ஜி"ன்னு கும்பிட்டாக. ஒரு பக்கம் குங்குமம், ஒரு பக்கம் ரயில். நடுவுலே அந்த மனுஷர் முகம்.

அண்ணாச்சி எங்க முதலாளி, குடியிருக்கிற வீடும் அவுகளோடது. எப்படி வாய் வந்துச்சோ தெரியலை.

"அண்ணாச்சி, நான் வச்ச பொட்டுதான. தெரியாம வாய்க்குள்ள வச்சுட்டேன். அழிக்காண்டாம். எடுத்து எடம் மாத்தி வச்சிருதேன்."

எல்லாரும் என்னையே பார்க்காங்க. அண்ணாச்சி விலகி நின்னாக. காய்ஞ்ச சந்தனத்தை நகத்தாலே பேத்து எடுத்தேன். ஒரு பொடி கீழே சிந்தாம உள்ளங்கையிலே வாங்கி, துளித் தண்ணியிலே குழைச்சு, காரோட நெத்தியிலே வச்சேன். சர்தார்ஜி தீப்பெட்டியைக் கிழிச்சு, அந்த உரசுற பக்கத்தாலே அலகை ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சு மூடினார்.

சாவியைத் திருப்பினதும் ஒரு உறுமல்! சந்து பூரா புகை. போல்ட்டுதா ஆளுங்க ஆடவே ஆரம்பிச்சுட்டாங்க.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாக. வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறாகன்னு நினைச்சேன்.

"மூணு வாரமா நீதானாட்டி? ஏறு வண்டியில. வழியில நின்னா பொட்டு மாத்த ஆள் வேணும்லா."

சம்பந்தியும் பெட்டிகளும் டாக்சியிலே. செல்வி அப்பா பக்கத்துலே. மாப்பிள்ளை, மதினி, நான் பின்னாலே. ஹவுரா பாலத்துலே ஏறுற வரைக்கும் நான் கண்ணைத் திறக்கலை. வண்டி ஒரு இடத்துலேயும் நிக்கலை. ரயிலும் நேரத்துக்குப் போச்சு.

பொண்ணை ஏத்திவிட்டுட்டு நாங்க மூணு பேரும் திரும்பி வந்து காரிலே ஏறினோம். சாவி அண்ணாச்சி கையிலேதான் இருக்கு. திருப்பலை. பின்னாலே வேற எவனோ டாக்சிக்காரன் ஹாரன் அடிக்கான்.

"கெளம்பலையா?"ன்னாக மதினி.

"கொஞ்சம் இருங்க. எஞ்சின் சூடாகட்டும்."

எஞ்சின் ஓடவே இல்லை. மதினி முந்தானையாலே வாயைப் பொத்திக்கிட்டாக. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கால் மணி நேரம் அப்படியே இருந்திருப்போம்.

கார்ச் சாமானுக்கெல்லாம் சரியான பேர் எனக்குத் தெரியாது. எது முன்னே, எது பின்னேன்னும் குழம்பியிருப்பேன். வண்டி விஷயம் தெரிஞ்சவங்க யாராவது பார்த்துத் திருத்திக்கிடுங்க. அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் திருத்த வேண்டாம். எஞ்சின் சூடாக அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.