பத்து புளி

டமார் என்று சத்தம் கேட்டதும் காசி முதலில் தன் நெஞ்சைத்தான் தொட்டுப் பார்த்தான். நெஞ்சு இருந்தது. போனது பின்பக்கத்து டயர்.

அந்த மாசத்தில் அது மூன்றாவது வெடி. அவன் ஓட்டும் வண்டி அத்திக்கொல்லை கூட்டுறவு சங்கத்துடையது. பழைய ஜீப்பின் முதுகை வெட்டி, தொட்டி வைத்துக் கட்டிய பிக்கப். எண்பத்து மூணில் ஜவ்வாது மலையின் அந்தப் பக்கத்துக்கே அது ஒன்றுதான் லோடு வண்டி. நாலு டயரும் மொட்டை. ஒட்டு போட்டுப் போட்டு, இனி ஒட்டுக்கு மேல்தான் ஒட்டு போட வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை வரைதான் கெடு. கலசப்பாக்கம் புளி மண்டிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்குள் முப்பது மூட்டை ஒரே லோடாக வந்து இறங்கினால், இந்த வருஷத்து மலைப் புளி முழுக்க காசி வண்டிக்கு. இல்லாவிட்டால் கீழ்நாட்டு லாரிக்கு. லாரி மலை ஏறாது, அடிவாரத்திலேயே நிற்கும். அதுவரைக்கும் மூட்டை பெண்கள் தலையில்தான் இறங்கும்.

காசியின் பெண்சாதி மங்கம்மாள் பதினாறு வயசிலிருந்து அப்படி இறக்கியவள். கழுத்தைத் திருப்பினால் இன்னமும் 'கிளுக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் காசிக்குச் சோறு இறங்காது. வண்டிச் சாவியை வாங்கிய அன்றைக்கே, "இனிமே உன் தலையில பூவைத் தவிர ஒண்ணும் ஏறாது" என்று சத்தியம் பண்ணியிருந்தான்.

சங்கத்துச் செயலாளர் பஞ்சாட்சரம் ஒரு கடிதாசி எழுதிக் கொடுத்தார். "டயருக்கு சங்கமே பணம் கட்டிடுச்சி. ராஜாக்கண்ணு கடைக்குப் போ. எது நம்ம ஏத்தத்துக்குத் தாங்கும்னு கேட்டு எடுத்துக்க."

கலசப்பாக்கம் ராஜாக்கண்ணுவின் வாயில் இருபத்து நாலு மணி நேரமும் வெற்றிலை இருக்கும். சாறு சட்டையில் வழியாமல் இருக்க, வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். கடிதாசியைப் படித்தார். வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார்.

"ரிம்மு நல்லாத்தான் கீது. டயரு மட்டும் போதும். இன்னா லோடு?"

"புளிங்க. முப்பது மூட்டை. பன்னெண்டு வளைவுங்க."

"அப்பப் பத்து புளி."

"இன்னாங்க?"

"பத்து புளி. அதுக்குக் கொறைஞ்சா பேச்சே கிடையாது."

காசி தலையைச் சொறிந்தான். "ஆறுல முடிச்சுக்கக் கூடாதுங்களா?"

"ஆறு புளியில போனவன் எல்லாம் வழியில நிக்கிறான். போய்ப் பாரு."

"எட்டுங்க?"

"எட்டு தரையில ஓட்டறவனுக்கு. நீ மலைக்காரன். உனக்குப் பத்து. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." அண்ணாந்தபடியே கையை விரித்தார். "இப்ப கடையில இல்ல. பத்து வந்ததும் எடுத்துக்க."

காசிக்குச் சுருக்கென்றது. ஆபீசருக்குத் தேன், ஆபீசரின் பியூனுக்குப் பலாப்பழம், பியூனின் மச்சானுக்கு நாட்டுக்கோழி. எல்லாம் கொடுத்துப் பழகிய மலைதான். ஆனால் பணம் கட்டிய டயருக்கும் மாமூலா? அதிலும் தரைக்காரனுக்கு எட்டு, மலைக்காரனுக்குப் பத்தா? இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்ல! சொன்னால் டயர் வராது. வாயை மூடிக்கொண்டு மலை ஏறினான்.

"டயருக்குப் புளியா?" மங்கம்மாள் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "இன்னாய்யா, டயரைக் கரைச்சிக் கொழம்பு வைக்கிறானா அவன்?"

"பெரிய எடம் மங்கம்மா. கேட்டா குடுத்துடணும்."

"பெரிய வாயின்னு சொல்லு."

சங்கத்து மூட்டை முப்பதும் வெள்ளிக்கிழமைக்கு எண்ணி அடுக்கியிருந்தது. அதில் கை வைத்தால் பஞ்சாட்சரம் தோலை உரித்துவிடுவார். சொந்த மரத்துப் புளி நாலு மூட்டை வீட்டில் இருந்தது. சரி, முதலில் நாலு.

வெடித்த டயரில் போட்டிருந்த ஒட்டு மலை ஏறும்போதே பிய்ந்துவிட்டது. மாற்று டயர் கிடையாது. காசி யோசித்தான், அவன் யோசித்தாலே ஏதாவது ஒன்று ஆகும். டயருக்குள் கதிர் அறுத்த சாமைத் தாளைத் திணி திணியென்று திணித்து மாட்டினான். வண்டி இறங்கியது. எட்டாவது வளைவில் டயர் புகைந்தது. ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு மறுபடியும் கிளப்பினான். கலசப்பாக்கம் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு மூட்டைகளை இறக்கித் திரும்பிப் பார்த்தால், ஒரு பசுமாடு டயரின் ஓட்டைக்குள் மூக்கை விட்டுத் தாளை உருவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"மலைக்காரன் டயரை மாடு திங்குதுடோய்!" என்று தெருவே கூடிவிட்டது.

மூட்டைகளைக் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வாங்கி வைத்தது ராஜாக்கண்ணுவின் மனைவி நீலாவதி. காசி பணிவாகச் சொன்னான்: "அக்கா, மொதலாளிகிட்ட நாலு புளி வந்துடுச்சின்னு சொல்லுங்க."

நீலாவதி கடைப் பக்கம் போய் உரக்கக் கேட்டாள். உள்ளே சம்மட்டிச் சத்தம். கொழகொழவென்று என்னவோ பதில் வந்தது. திரும்பி வந்தாள்.

"நாலு எந்த மூலைக்குன்னு கேக்கறாருப்பா. பத்து வந்தாத்தான் ஆவுமாம்."

அடப்பாவி, என்று காசி மனசுக்குள் வைதான். மாடு தின்றது போக மீதித் தாளுக்கு மேல் வைக்கோலைத் திணித்துக்கொண்டு ஊர் திரும்பினான்.

அடுத்து மச்சான் சின்னராசு. பெண்ணின் சடங்குக்கென்று வைத்திருந்த மூன்று மூட்டையை, "வண்டி நம்ம வண்டி மாதிரி, எடுத்துக்க மாமா" என்று கொடுத்தான். இந்தத் தடவை தாள் வேண்டாம் என்று காசி செத்த டயர் ஒன்றை வெட்டி, உள்ளே ஒட்டு வைத்து மாட்டினான். ஒட்டு வைத்த இடம் தரையைத் தொடும்போதெல்லாம் வண்டி ஒரு குதி குதித்தது. பன்னிரண்டு வளைவும் குதித்துக்கொண்டே இறங்கியதில் காசிக்கு இரண்டு நாள் உட்கார முடியவில்லை.

"ஏழு புளி வந்தாச்சிக்கா."

நீலாவதி போய்விட்டு வந்தாள். அவள் முகத்திலேயே குழப்பம். "ஏழுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம். ஆறு, எட்டு, பத்து. அப்படித்தான் வருமாம்."

மாமூலில்கூட ஒற்றைப்படை ஆகாதா! சாத்திரம் பார்த்து லஞ்சம் வாங்குகிற ஆளைக் காசி அன்றைக்குத்தான் பார்த்தான்.

மறுநாள் சித்தி ரத்தினம்மாள் வீட்டில் ஒரு மூட்டை கேட்டு வாங்கினான். பாதி மலையில் ஒட்டும் பிய்ந்தது, டியூபும் கிழிந்தது. அடிவாரத்து வளைவில் வண்டி முழங்கால் போட்டுக்கொண்டது. மூட்டையை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

"எட்டாயிடுச்சிக்கா. எட்டோட விட்டுடச் சொல்லுங்கக்கா. என்னால முடியல."

பதில் சீக்கிரமே வந்தது. நீலாவதி சொல்லத் தயங்கினாள். "எட்டோட போனா பொண்டாட்டி புள்ளையோட நடுவழியில நிப்பானாம். அப்படின்னு சொல்றாருப்பா."

சாபம் வேறு. காசி நடந்தே மலை ஏறினான். அன்று புதன்கிழமை.

வியாழன் காலையில் அவன் எழுந்தபோது வாசலில் இரண்டு மூட்டை நின்றன. அக்கம்பக்கத்து வீடுகளில் படி படியாகக் கேட்டு மங்கம்மாள் சேர்த்தது. சும்மாட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் மங்கம்மா."

"வண்டி கீழே கிடக்குது. பத்து குடுத்தாத்தான் டயரு. டயரு வந்தாத்தான் நாளைக்கு லோடு. உனக்கொண்ணு, எனக்கொண்ணு. தூக்கு."

மூட்டை தலையில் ஏறியதும் 'கிளுக்' என்றது. காசி மூட்டையோடு முன்னால் நடந்தான். அழுவதை அவள் பார்த்துவிடக்கூடாது. அவள் பார்க்காமல் இருப்பாளா? "அழுதா சும்மாடு நனையும், நட" என்றாள்.

மலை இறங்கி, அடிவாரத்தில் பஸ் பிடித்து, கடையில் இறங்கியபோது உச்சி வெயில். மங்கம்மாள் கொட்டகைக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குள் போய், ராஜாக்கண்ணுவின் காலடியில் மூட்டையைத் தொப்பென்று போட்டாள்.

"இந்தாங்க அண்ணே. ஒம்பது, பத்து. எண்ணிக்கங்க. பணம் கட்டின டயருக்கு மாமூல் கேக்கறீங்களே, உங்க வூட்டுக்காரம்மா தலையில ஒரு நாள் இந்த மூட்டைய ஏத்தி மலை எறக்கிப் பாருங்க. அப்பறம் கேளுங்க பத்து புளி!"

காசி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "மங்கம்மா, மங்கம்மா. டயரு போயிடும்."

"போவட்டும்!"

ராஜாக்கண்ணு மூட்டையைப் பார்த்தார், மங்கம்மாளைப் பார்த்தார், அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "நாம் எம்மா... மாமூல் இம்மா... பத்து புளை..." என்று ஏதோ கொழகொழத்தார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த நீலாவதி இடுப்பில் கை வைத்தாள். "மாமூலா? நீ விலைக்கு வாங்கறன்னு இல்ல நான் நெனச்சேன்! பத்து மூட்டை புளிய வச்சி எந்த ஊருக்குக் கொழம்பு வைக்கிறதுன்னு நாலு நாளா மண்டையைப் பிச்சுக்கறேன். மொதல்ல அந்த வெத்தலையத் துப்பு. கட்டின பொண்டாட்டி எனக்கே உன் பேச்சு பாதி புரியாது."

ராஜாக்கண்ணு எழுந்து வாசல் சாக்கடைக்குப் போனார். துப்பினார். சொம்புத் தண்ணீரில் மூன்று தரம் வாயைக் கொப்பளித்தார். துண்டால் துடைத்துக்கொண்டு, காசியின் வாழ்நாளில் முதல் தடவையாக, முகத்தை நேரே வைத்துப் பேசினார்.

"நான் சொன்னது புளி இல்லப்பா, ப்ளை! டயருக்குள்ள இருக்கற துணி அடுக்கு. மலை லோடுக்குப் பத்து அடுக்கு டயருதான் தாங்கும்னேன். அது நாலும் நேத்து ராத்திரியே வந்து, கொட்டகையில உன் புளி மூட்டைக்குப் பின்னாடிதான் கெடக்குது!"