சண்டைக்கு ஓர் ஒப்பந்தம்

கட்டடத் தொழிலாளர் சங்கச் செயலாளர் எஸ்றாவுக்கு வந்த துன்பம், சண்டையே வராத துன்பம்.

தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் எழுந்துகொண்டிருந்த சரக்குக் கிட்டங்கி வேலையில், சங்கமும் ஒப்பந்தக்காரர் வெள்ளத்துரையும் கைகோத்து ஓராண்டாயிற்று. எந்தக் குறையானாலும் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். குடிதண்ணீரும் நிழற்பந்தலும் கேட்காமலே வந்தன. வேலையும் சொன்ன நாளில் முடிந்தது. பெருமைப்பட வேண்டிய செய்தி இது. ஊர் பெருமைப்பட்டதா? செயலாளர் விலைபோய்விட்டார் என்றது. சங்கமும் முதலாளியும் கீரியும் பாம்புமாகக் கிடந்தால்தான் சிலருக்குச் சோறு செரிக்கும்போலும்.

அடுத்த மாதம் சங்கத் தேர்தல். ஆகவே சனிக்கிழமை மாலை, வேலைத்தள வாயிலில் இருந்த ஞானபாயின் டீக்கடைக்கு வெள்ளத்துரையை அழைத்துச்சென்று, ஓலைத் தட்டியோரம் உட்காரவைத்து, தம்மோடு ஒரு சண்டை போட்டருளும்படி எஸ்றா வேண்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நாலு பேர் பாக்க என்னைய வையணும். நானும் வைவேன்."

"நல்லதாப் போச்சு, எஸ்றா. மத்த காண்ட்ராக்டருங்க, 'யூனியன் ஆபீஸுக்கு வெள்ளையடிக்கப் போறியா'ன்னு என்னைய கேலி பண்ணுதானுவ. எதை வச்சுச் சண்டை?"

ஏலேலோவை வைத்து என்று முடிவாயிற்று. தொழிலாளரில் பெரும்பாலோர் கடற்கரைக்காரர். வள்ளம் இழுக்கும் பாட்டைப் பாடிக்கொண்டேதான் காங்கிரீட் சட்டியைக் கைமாற்றுவார்கள். திங்கட்கிழமை கூரை போடத் தொடங்கும்போது, பாடக் கூடாது என்பார் வெள்ளத்துரை; எஸ்றா பொங்குவார்; அவர் பணிவார்; வேலை நடக்கும். ஐப்பசி மழைக்கு முன்னே கூரை ஏறியாக வேண்டுமே.

திங்கட்கிழமை கலவை எந்திரம் சுழன்றது. பாட்டும் எழுந்தது.

"இது வேலைத்தளமா, வள்ளம் இழுக்குத துறையா? பாட்டை நிறுத்துங்கலே" என்றார் வெள்ளத்துரை.

"எங்க பாட்டை நிறுத்த நீரு யாருவே?" எஸ்றா துண்டை உதறினார். பேசிவைத்ததைவிடச் சற்றே காரம் கூடிவிட்டது.

வெள்ளத்துரை உடனே பணிந்தார். எவரும் சட்டியைத் தொடவில்லை. பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் பெரியவர் சிலுவை, சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்; வரிசையே உட்கார்ந்தது. முதலாளி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்டார். மூத்தவரை 'வே' என்று விளித்த செயலாளரும் கேட்க வேண்டுமாம். அவரும் கேட்டார். வரிசை அசையவில்லை.

கலவை இறுகத் தொடங்கியது. தம் பதவிக்காகக் கூரையையே பலிகொடுத்துவிட்டோமோ என்று அஞ்சிய எஸ்றா சிலுவையிடம் ஓடினார்.

"இன்னும் என்ன வேணும், சிலுவை?"

"நின்ன பாட்டை, நிறுத்துனவுகதான் எடுத்துக் குடுக்கணும். எங்க பாட்டன் காலத்து வழக்கம். ரெண்டு பேரும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வரிசைக்கு வாங்க."

வெள்ளத்துரை சாத்தான்குளத்துப் பனங்காட்டுக்காரர்; கடலில் கால் நனைத்தறியாதவர். அவர் வாயில் ஏலேலோ ஒப்பாரியாயிற்று. எஸ்றா அதைத் தேவாலய ஞானப்பாட்டு மெட்டில் பாடினார். சிரித்துச் சிரித்து, வரிசையில் நின்ற பெண்களுக்குக் கண்ணீர் வந்தது. ஆனால் சட்டி பறந்தது. பொழுது சாயுமுன் கூரை முழுவதும் ஓர் ஒட்டுத் தெரியாமல், பாய் விரித்தாற்போல் கிடந்தது. அந்தத் துறைமுகத்தில் அத்தனை விரைவாக ஒரு கூரை அதற்குமுன் ஏறியதில்லை.

மாலையில், கொப்புளித்த கைகளோடு இருவரும் டீக்கடையில் அமர்ந்தார்கள். எஸ்றாவின் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி? எனக்காக உக்காந்தவுக ஒருத்தர்கூட எந்திரிக்கல. நம்ம நடிப்பு அப்படி."

ஞானபாய் டீயை வைத்துவிட்டு, ஓலைத் தட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"நீங்க சனிக்கிழமை ஒரு தடவைதான் பேசிப் பாத்திய. தட்டிக்கு அங்கிட்டு இருந்து கேட்ட சிலுவையும் மத்தவுகளும், ஓட்டு உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டு, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் இங்கன உக்காந்து, அந்தப் பாட்டன் காலத்து வழக்கத்தையும் புதுசா உண்டாக்கி, ரெண்டு தடவை ஒத்திகை பாத்துட்டுல்லா போனாக."